வெள்ளை இடத்துல ஒரு க்ளிக்

பயந்த கதைன்னதும் சில பேரு காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சுக்கிட்டீங்க பாருங்க, அது வேண்டியதில்ல, எறக்கி வெச்சுக்கலாம். சுடுகாடு கிடையாது. கொலுசுச் சத்தம் கிடையாது. கதவு தானா சாத்திக்கறது, நாய் வானத்தைப் பாத்து ஊளையிடறது, வெள்ளைப் புடவை, ஒண்ணும் கிடையாது. மணி காலையில பதினொன்னு இருபது. எட்டு டியூப்லைட்டும் எரியுது. ஹால்ல நூத்தம்பது பேருக்கு மேல இருக்காங்க, அத்தனை பேரும் வாத்தியாருங்க, டீச்சருங்க. பேய் வந்தாக்கூட இனிஷியல் கேட்டு, அட்டெண்டன்ஸ்ல ஏத்தி, கடைசி பெஞ்சில உக்கார வெச்சுடுவாங்க. அப்பேர்ப்பட்ட எடத்துல ஒரு மனுஷன், நாப்பத்தேழு வயசு, பேரு கலியமூர்த்தி, கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர், மிஷின் முன்னாடி உக்காந்திருக்காரு. வலது கை மவுஸ் மேல இருக்கு. கை விறைச்சுப்போச்சு. எடுத்தா என்ன ஆகும்னு தெரியல, எடுக்காட்டி என்ன ஆகும்னும் தெரியல. அவ்வளவுதான் கதை. வேற என்னமோ எதிர்பாத்து வந்தவங்க இப்பவே எழுந்து போயிடலாம், கூட்டம் கொறைஞ்சா எங்களுக்கும் கொஞ்சம் காத்து வரும்.

திரைக்கு நடுவுல ஒரு நீல வட்டம் சுத்துது. சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. மாறியிருக்காதுன்னு கலியமூர்த்தி நெனைச்சாரு. மாறியிருக்காது. இடமாறுதல் கலந்தாய்வுன்னா சும்மாவா, எல்லாம் முறைப்படிதானே பண்ணினோம்? சீனியாரிட்டி நம்பர் இருநூத்திப் பன்னெண்டுன்னு கூப்பிட்டாங்க, வசுமதி டீச்சர் வந்து பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தாங்க, புளியஞ்சாலை வேணும்னாங்க, திரையில ஊர்ப் பட்டியல் பெட்டியைத் தொறந்து புளியஞ்சாலையை எடுத்தோம், 'இதுதானே டீச்சர்?'னு திரையைத் திருப்பிக் காட்டினோம், அவங்க கண்ணாடியை மேல தள்ளிக்கிட்டு திரையை விரலால தொட்டே பாத்து 'ஆமா சார், புளியஞ்சாலையேதான்'னாங்க, ரிஜிஸ்டர்ல கையெழுத்தும் போட்டாங்க. அப்பறம்தானே கீழ போனோம்? ஊர்ப் பேரு பக்கத்தோட தலையில இருக்குது, 'உறுதி செய்'ங்கற பச்சைப் பட்டன் பக்கத்தோட அடியில இருக்குது, ரெண்டையும் ஒரே பார்வையில பாக்கவிடாம இந்தப் பக்கத்தை அமைச்ச மகராசன் எங்க இருக்கானோ, நல்லா இருக்கட்டும். கீழ போகணும்னா மவுஸ் சக்கரத்தை உருட்டணும். சக்கரத்தை உருட்டறதுக்கு முன்னாடி வெள்ளை இடத்துல ஒரு க்ளிக். கலியமூர்த்திக்கு இது மூச்சு விடற மாதிரி. ஏன்னா ஊர்ப் பேரு இருக்கற பெட்டி பொல்லாத பெட்டி. ஊரைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஆளை விடாது, புடிச்சுக்கிட்டே இருக்கும், அப்படியே சக்கரத்தை உருட்டினா பக்கம் நகராது, பெட்டிக்குள்ள ஊரு நகரும். வரிசையில அடுத்த ஊரு வந்து உக்காந்துக்கும். அதனால பெட்டிக்கு வெளிய, எதுவுமே இல்லாத வெள்ளை இடத்துல ஒரு தட்டு தட்டி, அதுகிட்ட இருந்து கையை உருவிக்கிட்டு, அப்பறம்தான் உருட்டணும். நேத்தும் இன்னைக்குமா இருநூத்திப் பதினோரு பேருக்கு அப்படித்தான் தட்டினாரு. வசுமதி டீச்சருக்கும் தட்டினாரு. தட்டினாரா? தட்டினாரு. விரல் அழுந்துச்சு, அது நெஜம். அழுந்துனது போய்ச் சேந்துச்சா?

அதுதான் விஷயம். நேத்து சாயங்காலம் வரைக்கும் இந்த மேஜையில இருந்தது வால் வெச்ச மவுஸ். அழுக்குப் புடிச்சு, இடது பட்டன் வழவழன்னு தேஞ்சு, தட்டினா 'டிக்'குங்கும். கொசு நசுங்கற அளவுக்கு ஒரு 'டிக்'. இருந்த வரைக்கும் அப்படி ஒரு சத்தம் இருக்கறதே கலியமூர்த்திக்குத் தெரியாது. நேத்து பெரிய ஆபீசர் ஒருத்தரு பாக்க வந்தாரு, போட்டோ எடுத்தாங்க, போட்டோவுல மேஜை பூரா ஒயரு, சூப்ரெண்ட் நரசிம்மலுவுக்கு மொகம் சுண்டிப்போச்சு. சூப்ரெண்ட் எதைப் பேசினாலும் முன்னாடி தொண்டையைச் செருமிக்குவாரு, டிப்போவுல பழைய பஸ்ஸு கெளம்பற மாதிரி. 'க்ர்ர்ஹும். என்ன கலி இது, பாம்பாட்டி கூடை கணக்கா? க்ர்ர்ஹும். நாளைக்கு ஒரு ஒயரு கண்ணுல படக்கூடாது.' காலையில வந்து பாத்தா புது மவுஸ். கறுப்பா, பளபளன்னு, ஆத்துல கெடந்த கூழாங்கல்லு மாதிரி. ஒயரு இல்ல. தட்டினா சத்தமும் இல்ல. 'சைலண்ட் மாடல்'னு சூப்ரெண்ட் தன் புள்ள பாஸான மாதிரி சொன்னாரு. பஞ்சு மூட்டையைக் குத்துற மாதிரி இருந்துச்சு. தட்டிட்டோமா தட்டலையா, விரலுக்கும் தெரியல, காதுக்கும் தெரியல, திரையில எதாச்சும் அசைஞ்சாத்தான் உண்டு. ஆனா வெள்ளை இடத்துல தட்டினா திரையில என்ன அசையும்? ஒண்ணும் அசையாது. அதனாலதானே அது வெள்ளை இடம்.

அது போக, இது தூங்கும். கையை எடுத்து கொஞ்ச நேரம் ஆனா பேட்டரியை மிச்சம் புடிக்கறேன்னு கண்ணை மூடிக்கும். மூடிக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லாது. வெளக்கு கிடையாது, குறட்டை கிடையாது. எழுப்பறதுக்கு ஒரு தட்டு வேணும், அந்தத் தட்டை முழிச்சுக்கறதுக்கே எடுத்துக்கும், வேலைக்குக் குடுக்காது. வசுமதி டீச்சர் கையெழுத்துப் போடறப்ப பேனா எழுதல. உதறினாங்க, ஊதினாங்க, ரிஜிஸ்டர் ஓரத்துல வட்டம் வட்டமா கிறுக்கிப் பாத்தாங்க, பின்னாடி உக்காந்திருந்தவங்ககிட்ட வாங்கிப் போட்டாங்க. அது எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு நிமிஷம்? இருக்காது. அம்பது செகண்டு. அம்பது செகண்டுல தூங்குமா? காலையில டப்பாவைப் பிரிச்சப்ப உள்ள ஒரு காகிதம் இருந்துச்சு, பதினெட்டு பாஷையில. அதுல கட்டாயம் போட்டிருக்கும், இத்தனை செகண்டுல தூங்கும்னு. அந்தக் காகிதத்தைக் கலியமூர்த்தி என்ன பண்ணினாரு? எட்டா மடிச்சு ஆடுற மேஜைக்காலுக்கு அடியில சொருகினாரு. இப்ப மேஜை ஆடல. அவருதான் ஆடறாரு.

சரி, தூங்கலைன்னே வெச்சுக்குவோம். தூங்கலைன்னா தட்டினதுமே பெட்டி ஆளை விட்டிருக்கணும், உருட்டினதுமே பக்கம் நகர்ந்திருக்கணும். நகர்ந்துச்சா? முதல் உருட்டுல நகரல. அது நெஜம், அதை மறுக்க முடியாது. அந்த நேரம் பாத்து சூப்ரெண்ட் 'க்ர்ர்ஹும், டைம், டைம், ஆளுக்கு ரெண்டு நிமிஷம்'னு அந்தப் பக்கத்துல இருந்து சத்தம் போட்டாரு, கலியமூர்த்தி தலையைத் திருப்பினாரு, கண்ணு சூப்ரெண்ட் மேல, விரலு சக்கரத்து மேல. பழைய மவுஸ் சக்கரத்துக்குப் பல்லு இருந்துச்சு, கடக் கடக்குன்னு எண்ணி உருட்டலாம். இதுக்குப் பல்லே இல்ல, வெண்ணெயில விரல் விட்ட மாதிரி போயிக்கிட்டே இருக்கும். கண்ணோட ஓரத்துல, திரையில, பெட்டிக்குள்ள, பேரு ஒரு துள்ளு துள்ளுச்சு. தொட்டியில மீனு திரும்பற மாதிரி. துள்ளுச்சா? துள்ளின மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாக்கறதுக்குள்ள விரல் தானாவே இன்னொரு தட்டு தட்டி, இன்னொரு உருட்டு உருட்டி, பக்கம் சர்ருனு மேல ஏறி, பெட்டி போயே போச்சு. பச்சைப் பட்டன் எதிர்ல வந்து நிக்குது. தட்டினாரு. 'உறுதி செய்யலாமா? ஆம், இல்லை.' எந்த ஊரை உறுதி செய்யலாமான்னு ஒரு வார்த்தை சேத்துக் கேட்டா அதுக்கு வாய் வலிச்சுடுமா? கேக்கல. இருநூத்திப் பதினோரு தடவை 'ஆம்' சொன்ன விரலு இருநூத்திப் பன்னெண்டாவது தடவையும் 'ஆம்'னுச்சு. அப்பதான் இந்த வட்டம். அப்பதான் அந்தத் துள்ளு ஞாபகத்துக்கு வந்துச்சு.

மாறியிருந்தா எதுவா மாறியிருக்கும்? யோசிக்கவே வேணாம், பட்டியல் அவருக்கு மனப்பாடம். பிச்சனூர், புளியஞ்சாலை, பூதக்கரடு, மட்டப்பாறை. ஐயோ. பூதக்கரடு. அந்த எடம் ரெண்டு வருஷமா பட்டியல்ல அப்படியே கெடக்குது, ஒரு ஆளு தொடல. பேரைச் சொன்னாலே வாத்தியாருங்க நாற்காலியோட பின்னாடி நகர்ந்துக்குவாங்க. பஸ்ஸுல ஒண்ணே முக்கா மணி, அப்பறம் ஜீப்பு, ஜீப்பு எறக்கி விட்ட எடத்துல இருந்து ஓடையைத் தாண்டி நடை. போன் பேசணும்னா ஒரு பாறை இருக்குதாம், அதுக்கு மேல ஏறி மேக்கால திரும்பி நின்னா ரெண்டு கோடு சிக்னல் வருமாம். வசுமதி டீச்சர் ஏற்கெனவே ஒம்பது வருஷம் மலை மேல, கொட்டாம்பாறையில. திங்கக்கிழமை விடியக்காலம் ஏறினா வெள்ளிக்கிழமை ராத்திரிதான் எறங்குவாங்க. புளியஞ்சாலைன்னா பஸ் ஸ்டாண்டுல இருந்து நாலு கிலோமீட்டரு, அவங்க வீட்டுல இருந்து ஸ்கூட்டியில பத்து நிமிஷம். பூதக்கரடுன்னா கொட்டாம்பாறையும் தாண்டி இன்னும் ரெண்டு மலை. ஒரு தடவை ஆர்டர் வாங்கிட்டா மூணு வருஷத்துக்கு மறுபடி கேக்கவே முடியாது. நீங்களே கேட்டு வாங்கின எடம்தானேம்பாங்க. கையெழுத்து இருக்கே, வேற ஒருத்தவங்க பேனாவுல அழகாப் போட்ட கையெழுத்து. மாறியிருக்காது. ஒரே ஒரு துள்ளு. கண்ணு ஓரத்துல ஆயிரம் துள்ளும், டியூப்லைட்டுகூடத் துள்ளும். மாறியிருக்காது.

'ஏங்க, கெடைச்சிடுச்சுங்க'ன்னு பக்கத்துல குரல் கேட்டுச்சு. வசுமதி டீச்சர் போன்ல. 'ஆமாங்க, புளியஞ்சாலையேதான். இல்ல இல்ல, முடிஞ்சிடுச்சு, சார் போட்டுட்டாரு, சுத்துது. நாலரைக்கு மணி அடிச்சா அஞ்சுக்கெல்லாம் வீட்டுல இருப்பேன். என்னது? ஏங்க, அழுவுறீங்களா? சீ, போனை அவகிட்ட குடுங்க. ஏ குட்டி, இனிமே ரெண்டு பக்கமும் நாந்தான்டி பின்னுவேன்.' போனை மடியில வெச்சுக்கிட்டு, மூக்கை உறிஞ்சிக்கிட்டு, கலியமூர்த்தியைப் பாத்துச் சிரிச்சாங்க. 'ஒரு பக்கம் தானே பின்னிக்குவா சார், இன்னொரு பக்கம் எதிர்வீட்டுப் பொண்ணு. ஒண்ணு கயிறு மாதிரி, ஒண்ணு நூலு மாதிரி. ஸ்கூல் போட்டோவுல பாத்தா தலையே ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிற மாதிரி இருக்கும்.' கலியமூர்த்தியும் சிரிச்சாரு. வாய் சிரிச்சுச்சு. ஹால்ல யாரோ டிபன் பாக்ஸைத் தொறந்துட்டாங்க, எலுமிச்சம்பழச் சோத்து வாசனை. இவங்க ஏன் நம்மகிட்ட இதையெல்லாம் சொல்றாங்க? சொல்லாம இருக்கக் கூடாதா? ஒரு நம்பரா மட்டும் இருந்துட்டுப் போகக் கூடாதா?

இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. இதை யோசிக்கத்தான் அவருக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. வட்டம் சுத்தற வரைக்கும் நிறுத்தலாம். சூப்ரெண்ட் சென்னைக்கு ஒரு போன் போட்டா அந்த ஒரு நம்பரைப் புடிச்சு வெச்சுடுவாங்க, பேரைப் பாத்துக்கிட்டு விட்டுடுவாங்க. வட்டம் நின்னு பச்சை டிக் வந்துட்டா அவ்வளவுதான், ஆர்டர் பக்கத்து ரூம் பிரிண்டருக்குப் போயிடும். அப்பறம் செவுரு இருக்குது. புரொஜெக்டர் வெச்சு ஹால் செவுத்துல காலியிடப் பட்டியலை அடிச்சிருக்காங்க, டிக் வந்தா அது தானா புதுசாகும், எடுத்த ஊரு மறைஞ்சுடும், எடுக்காத ஊரு நிக்கும். நூத்தம்பது ஜோடிக் கண்ணு அதையேதான் பாத்துக்கிட்டிருக்குது. அதுக்குள்ள மூணு வார்த்தை சொன்னாப் போதும். 'சார், ஒரு நிமிஷம்.' சொல்லு. சொன்னா? 'க்ர்ர்ஹும். என்ன?' 'ஊர் மாறியிருக்கலாமோன்னு சந்தேகமா இருக்கு சார்.' 'எப்படி மாறும்?' 'மவுஸ் தூங்கிடுச்சு சார்.' 'க்ர்ர்ஹும். மவுஸ் தூங்குச்சா, நீ தூங்கினியா?' ஹாலே சிரிக்கும். சிரிச்சு முடிச்சதும் பின்னாடி இருந்து ஒருத்தர் எழுந்திருப்பாரு, அப்ப காலையில எனக்குப் போட்டது சரியான்னு கேப்பாரு, அப்பறம் இன்னொருத்தர், அப்பறம் எல்லாரும். போன வருஷம் பக்கத்து மேஜையில ராமதிலகம்னு ஒரு அம்மா இருந்துச்சு. ஒரு டீச்சரோட பாடத்தைத் தப்பா ஏத்திட்டேன்னு அதுவே போயிச் சொல்லுச்சு. உங்க நேர்மையைப் பாராட்டறோம்னாங்க, எல்லாரும் கையைத் தட்டினாங்க, அடுத்த மாசம் ஒப்பந்தப் பட்டியல் வந்துச்சு, அதுல அந்தம்மா பேரு இல்ல. கலியமூர்த்தியும் ஒப்பந்தம்தான். பதினாலு வருஷமா வருஷா வருஷம் புதுப்பிக்கற ஒப்பந்தம்.

யாரு இந்த மவுஸை உண்டாக்கியிருப்பாங்க? எங்கயோ ஏசி ரூம்ல நீளமா ஒரு மேஜையைப் போட்டு உக்காந்து பேசியிருப்பாங்கல்ல? கலியமூர்த்திக்கு அந்தப் பேச்சு அப்படியே காதுல கேட்டுச்சு, ஒருத்தன் கீச்சுக் குரலு, ஒருத்தன் பானைக்குள்ள பேசற குரலு. சார்ஜ் போடற ஓட்டையை எங்க வெக்கலாம்? முன்னாடி வெச்சா? முன்னாடி வெச்சா மாட்டிக்கிட்டே வேலை செய்வானே. செஞ்சா என்ன? அழகா இருக்காதே. அப்ப? வயித்துல வை, மல்லாந்து படுத்துத்தான் சார்ஜ் சாப்பிடணும். ஆன் ஆஃப்? அதுவும் வயித்துல. சத்தம்? எடுத்துடு. பல்லு? புடுங்கிடு. கட்டைவிரலுக்கு? கட்டைவிரல் சும்மாத்தானே இருக்கு, அதுக்கு அடியில ஒரு பட்டனை வை, பட்டா முந்தின பக்கத்துக்குப் போயிடட்டும். ஏன் போகணும்? சும்மா போகட்டும். அப்ப வேலை நடந்துச்சா இல்லையான்னு ஆப்பரேட்டருக்கு எப்படித் தெரியும்னு ஒரு ஆளாவது கேட்டிருக்கணும். கேக்கக்கூடிய ஆளை டீ சொல்லிட்டு வாடான்னு வெளிய அனுப்பியிருப்பாங்க. நல்லா பேசறோம், ஆனா இதெல்லாம் நமக்குள்ள. வெளிய ஒரு வார்த்தை வருதா? அன்னைக்கும் வரல. எதுக்கு இப்ப அது? வேணாம். அது வந்துடுச்சு. இருபத்தியாறு வயசு, கல்யாணப் பத்திரிகை அடிக்கற பிரஸ்ஸு, டைப் அடிக்கற வேலை. ஐந்நூறு பத்திரிகை. முந்நூறு மடிச்சு, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவிக் காயப் போட்டாச்சு, அப்பதான் கண்ணுல பட்டுச்சு, முகூர்த்தம் ஆறு டு ஏழரை, பத்திரிகையில ஒம்பது டு பத்தரை. இவரு அடிச்சதுதான். சொல்லியிருக்கலாம். மஞ்சள் ஈரமாத்தான் இருந்துச்சு. யாரு பத்திரிகையில நேரத்தைப் பாக்கறாங்க, போன்ல கேட்டுக்குவாங்கன்னு நெனைச்சாரு. பொண்ணோட சொந்த மாமன் தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டு ஒம்பது மணிக்கு வந்து எறங்கறாரு, மண்டபத்துல எல எடுத்துக்கிட்டிருக்காங்க. பிரஸ்ஸுக்கு வந்து கத்தினாங்க. புரூஃப் பாக்கற செல்லப்பாவை மொதலாளி கூப்பிட்டுக் கேட்டாரு. செல்லப்பா பாத்துக் குடுத்த தாள்ல ஆறு டு ஏழரைன்னு செவப்பு மையில சுழிச்சுத்தான் இருந்துச்சு, அந்தத் தாளைக் கலியமூர்த்தி அன்னைக்குக் காலையிலதான் கிழிச்சுப் போட்டிருந்தாரு. செல்லப்பா என்ன சொல்லியிருக்கணும்? நான் திருத்தித்தான் குடுத்தேன்னு சொல்லியிருக்கணும். அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டு, 'ஆமாங்க, கண்ணு போயிடுச்சு போல'ன்னாரு. அவரே நம்பிட்டாரு. மறுநாள்ல இருந்து வேலைக்கே வரல. இருபத்தோரு வருஷம் ஆச்சு, அந்தக் கண்ணாடியைத் தொடைக்கிற விரலு இன்னும்—

'க்ர்ர்ஹும்.'

தோளுக்குப் பின்னாடி. சூப்ரெண்ட். 'என்ன கலி, புடிச்சு வெச்ச புள்ளையாராட்டம் உக்காந்துட்ட?' இப்ப சொல்லு. இதைவிட நல்ல நேரம் வராது, ஆளு தானா வந்து நிக்கறாரு, ஹாலுக்கே கேக்கற மாதிரி சொல்ல வேண்டியதில்ல, காதுல சொன்னாப் போதும். கலியமூர்த்தி வாயைத் தொறந்தாரு. 'சர்வரு சார். சுத்துது சார்.' 'சுத்தட்டும், சுத்தட்டும். க்ர்ர்ஹும். புது மவுஸ் எப்படி?' வசுமதி டீச்சர் நிமிந்து பாக்கறாங்க. சிரிச்ச மொகம். 'நல்லா இருக்கு சார்.' 'கைக்கு எதமா இல்ல?' 'எதமா இருக்கு சார்.' 'நாந்தான் செலக்ட் பண்ணினேன்'னு சொல்லிட்டு பஸ்ஸு அடுத்த ஸ்டாப்புக்குக் கெளம்பிடுச்சு. போச்சு. இனிமே எப்படிச் சொல்றது? எதமா இருக்குன்னு சொன்ன வாயி, ஆறாத சூட்டோட. எதமா இருக்குன்னியே, இப்ப என்னான்னு கேப்பாரே. ஏன் எதமா இருக்குன்னு சொன்னோம்? நல்லா இருக்குங்கறதோட நிறுத்தியிருக்கக் கூடாதா? நல்லா இருக்குன்னாக்கூட அப்பறம் ஒரு ஆனா போட்டுக்கலாம். எதமா இருக்குங்கறதுக்கு அப்பறம் என்ன ஆனா போடறது? உள்ளங்கை வேர்த்து, அந்தப் பளபளப்பு மேல கை வழுக்குது, உசுரோட ஒரு மீனைப் புடிச்சு வெச்சிருக்கற மாதிரி இருக்குது, கட்டைவிரலு—

கட்டைவிரல். காலையில ஒம்பதரைக்கு, நம்பர் நூத்தி எழுபத்தி மூணுக்கு, இப்படித்தான் வட்டம் சுத்திக்கிட்டிருந்தப்ப தெரியாத்தனமா கட்டைவிரல் அந்தப் பக்கவாட்டுப் பட்டன் மேல பட்டுடுச்சு. முந்தின பக்கத்துக்குப் போயி, எல்லாம் சிக்கி, லாகின் செத்து, சென்னைக்குப் போன் போட்டு, அவங்க அந்த நம்பரை அழிச்சு, மொதல்ல இருந்து போட்டாங்க. அதுக்கு யாரும் திட்டல. மிஷின் கோளாறுன்னாங்க. மிஷின் கோளாறு. எவ்வளவு அழகான வார்த்தை. அப்ப ஒண்ணும் சொல்லவே வேணாமே. ஒரு அமுக்கு. யாருக்கும் கேக்காது, அதான் சைலண்ட் மாடலாச்சே. மறுபடி மொதல்ல இருந்து, பெட்டியைத் தொறந்து, புளியஞ்சாலையை எடுத்து, வெள்ளை இடத்துல பத்து தடவை தட்டி, ஊரு பேரைக் கண்ணால புடிச்சுக்கிட்டே கீழ எறங்கலாம். சாமி, இந்தப் பாழாப்போன பட்டனை வெச்சவனுக்கு நான் என்ன செய்வேன், அவன் புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும். மாறலைன்னாலும் நட்டமில்ல, அஞ்சு நிமிஷம் வீணாகும், அவ்வளவுதானே. கட்டைவிரலை அசைச்சாரு. விறைச்சுப்போன விரலு, வேற யாருதோ மாதிரி மெதுவா வந்துச்சு. பட்டன் தட்டுப்பட்டுச்சு. அமுக்கினாரு.

ஒண்ணும் ஆகல. வட்டம் சுத்துது. அமுங்குச்சா? அமுங்குச்சு, விரலுக்குத் தெரிஞ்சுச்சு, இல்ல தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்பறம் ஏன் போகல? அம்புக்குறியைப் பாத்தாரு, அது எங்க நின்னுச்சோ அங்கயே நிக்குது. எவ்வளவு நேரமா இந்தக் கை அசையாம இருக்குது? மூணு நிமிஷம்? நாலு? கை மேலதானே இருந்துச்சு, எடுக்கவே இல்லையே. கை இருந்தா போதுமா, அசையணுமே. பயத்துல உறைஞ்சு உக்காந்திருந்த அத்தனை நேரமும், உள்ளங்கைக்கு அடியில, வேர்வை சூட்டுக்கு எதமா, அது தூங்கிடுச்சு. இப்ப அமுக்கினதை முழிச்சுக்கறதுக்கு எடுத்துக்கிச்சு. சரி, முழிச்சுக்கிச்சுல்ல, இன்னொரு தடவை, சீக்கிரம், இன்னொரு அமுக்கு. கட்டைவிரல் மேல போயி, கீழ எறங்கறதுக்குள்ள—

வட்டம் நின்னுச்சு. பச்சை டிக். 'ஏற்கப்பட்டது.'

'வந்துடுச்சா சார்?'னாங்க வசுமதி டீச்சர். 'ம்'னாரு. 'ரொம்ப நன்றி சார், உங்க கை ராசி.' அந்தக் கையை மேஜைக்கு அடியில எடுத்துட்டுப் போயி பேண்ட்டுல தொடைச்சாரு. பக்கத்து ரூம்ல பிரிண்டரு மூச்சை இழுத்துச்சு. டீச்சருக்கு முதுகுப் பக்கம் செவுரு. அவங்க பாக்கல, அவங்க கைப்பையில ஆர்டர் வெக்க பிளாஸ்டிக் கவரைத் தேடறாங்க. கலியமூர்த்தியும் பாக்கல. பாத்தாத்தானே தெரியும். தெரியாத வரைக்கும் அது புளியஞ்சாலைதான். செவுத்துல பட்டியல் ஒரு தடவை வெள்ளையா அணைஞ்சதை மட்டும் கண்ணு ஓரத்துல பாத்தாரு. மறுபடி வந்துச்சு. மாறியிருக்காது. அடுத்த நம்பர் இருநூத்திப் பதிமூணு, ஜோதிலிங்கம் வாத்தியாரு, பெஞ்சை விட்டு எழுந்து வராரு. அவரு கண்ணாடி நேத்து உடைஞ்சுபோனதால, செவுத்தைப் படிச்சுச் சொல்றதுக்கு சம்சாரத்தையே கூட்டிக்கிட்டு வந்திருக்காரு. அந்தம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, மொகவாயை மேல தூக்கி, பட்டியல் மேல விரலை நீட்டி, ஒவ்வொரு ஊரா வாய்க்குள்ள படிச்சுக்கிட்டே வருது. பிச்சனூரு, பிச்சனூரு இருக்குது. அப்பறம் விரலு நின்னுச்சு. புருஷன் கையைப் புடிச்சு ஒரு உலுக்கு உலுக்குச்சு. ஹால்ல இருக்கற எட்டு டியூப்லைட்டுக்கும் கேக்கற மாதிரி, கோயில்ல பிரசாதம் கெடைச்ச சந்தோஷத்துல, கத்திச் சொல்லுச்சு:

'ஏங்க! அந்தம்மா பூதக்கரடை எடுத்துட்டுப் போயிடுச்சுங்க! புளியஞ்சாலை நமக்கு அப்படியே இருக்குதுங்க!'